திறப்புக்கு முன் கொடுத்த தாள்

அந்த மனிதர் கொண்டுவந்த கேக்கை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் நான்காம் தளத்தில் நானும் தங்கையும் அவளுடைய மகளும் வாழ்கிறோம். ஒருவர் இறந்த ஒன்பதாம் நாள் காலை, எங்கள் வீட்டுக்கு அவர் பச்சையும் இளஞ்சிவப்புமாக அடுக்கிய ரிப்பன் கேக் ஒன்றைப் பெட்டியில் வைத்து நாடா கட்டி எடுத்து வந்தார். விமானம் ஓட்டப் பழக்கும் பள்ளியொன்றின் முகாமையாளர் அவர். இறந்தவர் அந்தப் பள்ளியின் பயிற்சி ஆசிரியர். ஆசிரியரின் பக்கத்து இருக்கையில் இருந்து உயிரோடு திரும்பியவள் தங்கையின் மகள், என் பெறாமகள். கேக் அவளுக்கு. கேக்கோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. அதில் அவளுடைய கையெழுத்து வேண்டியிருந்தது.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். முப்பது வருடங்களாக மற்றவர்களுடைய பிறப்புகளையும் காணிகளையும் விவாகரத்துகளையும் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற்றிக் கொடுத்து, 'மூலத்துக்கு உண்மையானது' என்று அடியில் எழுதி முத்திரை குத்தி வாழ்ந்திருக்கிறேன். பொறுமை என் தொழிலின் பகுதி. அருவருப்பு என்பதை அதுவரை ஒரு சொல்லாகவே அறிந்திருந்தேன். அந்தக் காலையில், நாடாவை அவிழ்த்துத் தட்டில் கேக்கை அடுக்கிக் கொடுத்தபோதுதான், அதன் பொருள் தெரிந்தது. விருந்தோம்பல் என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் கைகளில் எவ்வளவு மூடத்தனமாக ஊறியிருக்கிறது என்பதும் தெரிந்தது. எங்களுக்கு வந்த அந்த அவமதிப்பை நானே பீங்கான் தட்டில் வைத்துப் பரிமாறினேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் அந்தத் தாளிலிருந்து தொடங்க வேண்டும்.

சிறிய பயிற்சி விமானங்களில் எரிபொருள் இறக்கைகளுக்குள் இருக்கும் இரண்டு தாங்கிகளில் நிற்கும். விமானி அறையில் அதன் அளவைக் காட்டும் முட்கள் உண்டு. ஆனால் அந்த முட்களை ஒருவரும் நம்புவதில்லை. ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் சிறிய ஏணியொன்றில் ஏறி, இறக்கையின் மேல் இருக்கும் மூடியைக் கழற்றி, அளவுகோலை உள்ளே விட்டுக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்ததும் தாளில் அந்த வரிக்கு எதிரே சரி போட வேண்டும். இப்படி முப்பதுக்கு மேற்பட்ட வரிகள்: சில்லுகள், எண்ணெய், கதவின் கொளுவி, இறக்கையின் விளிம்பு. இது எந்த நாட்டிலும் உள்ள முறைதான். எங்கள் பிள்ளை படித்த பள்ளியில் அதற்கு மேலே ஒரு வழக்கம் இருந்தது. நிரப்பிய தாளைப் பள்ளியின் அலுவலகமான கந்தோரில் ஒப்படைத்தால்தான் விமானத்தின் திறப்பை, அதாவது சாவியை, கொடுப்பார்கள். திறப்பு இல்லாமல் விமானத்தைத் திறக்க முடியாது. திறக்காமல் பாதி வரிகளைப் பரிசோதிக்க முடியாது. ஆகவே பரிசோதித்தோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பரிசோதிக்கப் போகலாம்.

முதன்முதலில் இதை என்னிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் நாட்டுக் கந்தோர்களில் இதைவிட விசித்திரமானவற்றை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். முன்னைய மாணவர்கள் பின்னையவர்களுக்கு வழி காட்டியிருந்தார்கள்: ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கான தாள்களை வீட்டில் நிரப்பி வைத்துக்கொள், காலையில் கொடுத்துவிட்டுத் திறப்பை வாங்கு. அப்படியே செய்தாள். ஞாயிறு மாலைகளில் சாப்பாட்டு மேசையில் ஆறேழு தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு சரி சரியாகப் போட்டுக்கொண்டே போவாள்.

"பெரியம்மா, கை நோகுது. இந்த ரெண்டையும் நீங்கள் போடுங்கோ."

"நான் போட்டால் பிளேன் பறக்குமோ?"

"உங்கட சரி என்ர சரியை விட வடிவு. இன்னும் உயரமாப் பறக்கும்."

போட்டேன். பல ஞாயிறுகள் போட்டேன். பிளேன்ரீ குடித்துக்கொண்டு, வானொலியைக் கேட்டுக்கொண்டு, ஒரு மனிதர் ஏறப்போகும் விமானத்தின் எண்ணெயும் சில்லும் எரிபொருளும் சரி என்று, அந்த விமானத்தை ஒருநாளும் கண்ணால் காணாத நான் உறுதிப்படுத்தினேன். சத்தியப்பிரமாணம் செய்த கை.

அந்த ஆசிரியர் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மழையில் அவளைக் கொண்டுவந்து விட்டவரை என் தங்கை வற்புறுத்தி மேலே அழைத்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியானவர், கொட்டாஞ்சேனையில் மனைவியோடும் இரண்டு பெண்குழந்தைகளோடும் இருந்தார். பெற்றோர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் என்று அவரே சொன்னார். உளுந்து வடையை இரண்டாகப் பிய்த்து, உள்ளே ஆவி போகும்வரை பொறுத்திருந்து சாப்பிட்டார். என் பெறாமகளை 'வெள்ளவத்தை மேடம்' என்றுதான் அழைப்பார்.

"மேடம் எப்படி ஓட்டுறா?" என்று தங்கை கேட்டாள்.

"நல்லா ஓட்டுவாங்க, அக்கா. ஒண்ணுதான், இது காலி ரோட்டுல போற நூறாம் நம்பர் பஸ்ஸுன்னு நெனச்சிட்டு எறங்குறாங்க. பஸ் ஹோல்ட் வந்தா தானா நிக்கும்னு."

"சேர்!" என்று அவள் கத்தினாள்.

மேசையில் தாள்கள் கிடந்தன. என் கையில் பேனை இருந்தது. அவர் கண்டார். "அக்காவுக்கும் ஒரு லைசன்ஸ் குடுக்கணும் போல" என்று சிரித்தார். பிறகு வடையைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் சொன்னார்: "இது கந்தோருக்குக் குடுக்கிற ஷீட்டு. அவ்வளவுதான். டேங்க ஏறிப் பாக்குறது வேற. அதை யாரும் வீட்ல ஒக்காந்து பாக்க முடியாது. வெளங்குதா?"

"ஓம், சேர்."

ஆக, அவருக்கும் தெரியும். அந்த வழக்கம் பொய் என்று தெரிந்தும், அதை மாற்ற முடியாத இடத்தில் இருந்துகொண்டு, பொய்க்கு வெளியே உண்மையான வேலையைச் செய்து சமாளித்து வந்தவர் அவர். பெரிய விமானங்களில் ஓட்டும் வேலைக்கு மணித்தியாலங்கள் சேர வேண்டும் என்பதற்காக ஒரு நாளில் ஐந்து ஆறு தடவை மாணவர்களோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பள்ளியோடு சண்டை பிடித்தால் அந்த மணித்தியாலங்கள் நின்றுவிடும். அவரை நான் புனிதராக்க விரும்பவில்லை. ஆனால் பிறகு அறிக்கை ஆக்கிவைத்த குற்றவாளியாகவும் அவர் இருக்கவில்லை.

விபத்து நடந்த நாளில், எங்கள் பிள்ளைக்கு முன் அதே விமானத்தில் போன மாணவன், மழைமுகில் விலகும்வரை வானில் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு நேரம் கடந்து இறங்கினான். பள்ளிக்கு யாரோ விருந்தினர்கள் வந்திருந்தார்கள். அடுத்த விமானம் கெதியாக ஏறுவதை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று முகாமையாளர் அவசரப்படுத்தினார். ஏணி அடுத்த கொட்டகையில் இருந்தது. இறங்கி வந்த மாணவன், "பெற்றோல் போதும், கிடக்கு" என்றான். இடப்பக்கத் தாங்கியின் முள் பல வாரங்களாகப் பாதியிலேயே நின்றது, பழுதுகள் எழுதும் புத்தகத்தில் அது இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது, ஒருவரும் திருத்தவில்லை. தாள் ஏற்கெனவே கந்தோரில் இருந்தது. ஆசிரியர் வேகமாக நடந்து வந்து, கதவைத் திறக்கும்போது அவளிடம் கேட்டார்.

"டேங்க் பாத்தீங்களா?"

"பாத்தன், சேர்."

அவள் பார்க்கவில்லை.

இதை அவள் என்னிடம் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சொன்னாள். தோளெலும்பும் இரண்டு விலாவெலும்பும் முறிந்திருந்தன. மூச்சு விடுவதற்கு வலித்ததால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "பெரியம்மா, நான் ஏறிப் பாக்கேல்ல. பாத்தன் எண்டு சொன்னனான்." நான் அவளுடைய நெற்றியில் கை வைத்தேன். என் வாயிலிருந்து வந்தது இது: "இப்ப கதைக்காதை. படு." அதை அன்பு என்றுதான் அப்போது நினைத்தேன். அன்பும் இருந்தது. ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குக் கேட்டுவிட்டதோ என்று நான் திரும்பிப் பார்த்ததையும் இங்கே எழுத வேண்டும்.

எரிபொருள் தீர்ந்து இயந்திரம் வானத்தில் நின்றபோது அவர் செய்தவற்றையும் அவள் சொன்னாள். அவளுடைய கைகளை விலக்கச் சொல்லித் தானே ஓட்டினார். கீழே கூரைகள், பிறகு பிள்ளைகள் நின்ற ஒரு பாடசாலை மைதானம், பிறகு வீதி. எல்லாவற்றையும் தாண்டிச் சதுப்பு வெளியொன்றுக்குக் கொண்டுபோனார். இறங்குவதற்கு முன் கதவின் கொளுவியைக் கழற்றச் சொன்னார். மேலங்கியைச் சுருட்டி முகத்தோடு அழுத்தச் சொன்னார். விமானம் சேற்றில் சறுக்கி, அவர் இருந்த பக்கம் கால்வாய்க் கட்டில் மோதியது. தரையில் ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

முகாமையாளர் கொண்டுவந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. என் தொழில்முறைக் கண்ணால் பார்த்தால் சுத்தமான, பிழையற்ற ஆங்கிலம். பெறாமகளே சொல்வதாக எழுதியிருந்தது: பறப்புக்கு முன் எரிபொருளைத் தானே பார்த்துவிட்டதாக ஆசிரியர் கூறினார். மாணவியாகிய நான் அவருடைய சொல்லை நம்பினேன். பள்ளியின் நடைமுறைகளில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்று வாக்கியங்கள். மூன்றும் பொய்.

"விசாரணைக்காரர் வந்தா பிள்ளை குழம்பிடக் கூடாது. அதுதான் முதல்லயே எழுதி வச்சிட்டா ஷேப், பிரச்சினை வராது" என்றார். வத்தளையில் வீடு, கொழும்புத் தமிழ், இனிமையான குரல்.

"அவர் பாத்ததாச் சொல்லேல்ல" என்றாள் பெறாமகள்.

"அதிர்ச்சியில மறந்திருப்பீங்க. பரவாயில்ல. இங்க பாருங்க, அவருக்கு இனி லைசன்ஸ் தேவைப்படப் போறதில்லையே. உங்களுக்குத்தானே தேவை?"

கேக் தட்டை அவரிடமிருந்து பிடுங்கியிருக்க வேண்டும். நான் பிடுங்கவில்லை. அவர் ஒரு துண்டை எடுத்து, பச்சைப் பகுதியை முதலில் தின்றார்.

"வலக்கை கட்டிக்கிடக்கு. கையெழுத்து வைக்க ஏலாது" என்றாள் அவள்.

"பெருவிரல் அடையாளம் போதும்" என்று சொல்லிவிட்டு அவர் மை ஒற்றும் சிறு தட்டொன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அதையும் கொண்டுவந்திருந்தார்.

டொக்டர் அவளைக் களைப்படைய விட வேண்டாம் என்றிருக்கிறார் என்று சொல்லி அவரை அனுப்பினேன். கடிதம் மேசையிலேயே கிடந்தது. கதவைச் சாத்தியதும் தங்கை பேசினாள். அவளை நான் நேசிக்கிறேன். கணவனை இழந்த பிறகு ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். அந்தப் பிள்ளை ஆகாயத்தில் போவதைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டி மகிழ்ந்தவள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வைச்சு விடு, பிள்ளை. அவர் நல்ல மனுசன்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா போனவர் போயிட்டார். அவையள் மலைநாட்டுச் சனம். கேள்வி கேட்டுக்கொண்டு ஆர் வரப்போயினம்?"

எங்கள் வீடுகளில் இத்தகைய வாக்கியங்கள் சமையலறைக்குள், தேங்காய் துருவும் சத்தத்துக்குள், எவ்வளவு இயல்பாகச் சொல்லப்படுகின்றன என்பது எனக்குத் தெரியாததல்ல. வடக்கிலிருந்து வந்து கொழும்பில் இரண்டு தலைமுறை அடிபட்டுப் பயந்து வாழ்ந்த நாங்கள், எங்களுக்குக் கீழே யாரையாவது வைத்துக்கொள்ளாமல் நிமிர்ந்து நிற்கப் பழகவில்லை. "வாயை மூடு" என்று தங்கைக்கு என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். ஆனால் கடிதத்தைக் கிழிக்கவில்லை. என் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே அதை வைத்தேன், பறக்காமல் இருக்க.

பதினாறாம் நாள் கருமாதிக்கு நானும் தங்கையும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். கோயிலுக்குப் பின்னால் ஒடுங்கிய சந்து, வெளிப்படிக்கட்டு, இரண்டு அறைகள். ஆசிரியரின் மனைவி மருந்துக்கடையொன்றில் வேலை செய்பவர். அழுது முடித்தவரின் கவனமான முகத்தோடு எங்களை வாசலருகே உட்கார வைத்தார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கணவர் சொல்லியிருக்கிறார்: வெள்ளவத்தை மேடத்தின் பெரியம்மா பெரிய மொழிபெயர்ப்பாளர், வடையும் நன்றாகச் சுடுவார் என்று. வடை சுட்டவள் தங்கை. நான் திருத்தவில்லை.

"அக்கா, நேத்துத்தான் இது வந்துச்சு. நீங்க படிச்சவங்க. என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க" என்று ஒரு கடித உறையைத் தந்தார்.

விசாரணையின் இடைக்கால அறிக்கை. அவருடைய மாமனார், இரண்டு சகோதரர்கள், அடுத்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். பறப்புக்கு முந்திய பரிசோதனைத் தாள் முறைப்படி நிரப்பப்பட்டுக் கந்தோரில் ஒப்படைக்கப்பட்டுள்ளது. பள்ளியின் நடைமுறை போதுமானது. விமானத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் எரிபொருளின் அளவை உறுதிசெய்யத் தவறியுள்ளார். முதல்நோக்கில் காரணம், விமானியின் தவறு.

இணைப்பில் அந்தத் தாளின் பிரதி இருந்தது. எரிபொருள் வரிக்கு எதிரே நின்ற சரி என்னுடையது. வடிவான சரி. வாலை மேலே நீட்டி இழுப்பது என் பழக்கம்.

மனைவி நிதானமாகக் கேட்டார். "அப்ப தாள் சரி. பள்ளிக்கூடம் சரி. அவர்தான் பாக்காம ஏறிட்டாரு. அப்படியா, அக்கா?"

"அப்பிடித்தான் எழுதியிருக்கு."

"இல்ல... வேலைக்குப் போறப்ப கேஸ் சிலிண்டர ரெண்டு தடவ திருகிப் பாத்துட்டுப் போவாரு. மூடிட்டேன்னு நான் சொன்னாலும் கேப்பாரு. 'நீ மூடுனியா, மூடுனியா'ன்னு உயிர வாங்குவாரு. அவரா கேக்காம ஏறுனாரு?"

அவர் என்னைக் கேட்கவில்லை. மாமனாரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனாலும் அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் நானும், மகளிடமிருந்து எல்லாம் கேட்டிருந்த என் தங்கையும் மட்டும்தான். ஆசிரியர் கேட்டார். கேட்டுத்தான் ஏறினார். அதைச் சொல்ல எனக்கு நான்கு சொற்கள் தேவைப்பட்டிருக்கும். அறிக்கையை மடித்து, உறையில் இட்டு, இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தேன். 'எழுதியிருக்கு' என்று சொன்னதில் நான் பொய் சொல்லவில்லை என்று பஸ் நிறுத்தம்வரை எனக்கே வாதாடிக்கொண்டு நடந்தேன். மூலத்துக்கு உண்மையானது. அந்த முகாமையாளர் கேக்கை மென்ற சத்தத்தை விட எனக்கு அந்த வாதம் அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சிலிண்டர் கதையைப் பெறாமகளிடம் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்களையும் அப்பிடித்தான் கேப்பார்" என்றாள். பிறகு, "நான் போய்ச் சொல்லப்போறன், பெரியம்மா."

தங்கை வாசலில் நின்றாள். "என்னத்தைச் சொல்லப்போறாய்? நான் ஒரு ஆளைக் கொன்றுபோட்டன் எண்டோ?"

"பாக்காமப் பாத்தன் எண்டு சொன்னன் எண்டு."

"அதுக்குப் பிறகு உன்னை ஒருத்தரும் சைக்கிள்கூட ஓட விடமாட்டினம். தெரியுமோ? அக்கா, நீயாவது சொல்லு!"

"சரி போட்டது நான். நானும் போறன்" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் விசர்" என்றாள் தங்கை. பிறகு அழுதாள். அழுதபடியே மகளின் தோள்கட்டைச் சரிசெய்துவிட்டாள்.

கடிதத்தை நான் கையெழுத்தில்லாமல், திறந்த உறையில், பள்ளிக்குத் திருப்பி அனுப்பினேன்.

விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். சிங்களத்தில் தொடங்கி, எனக்காக ஆங்கிலத்துக்கு மாறினார். பெறாமகள் திறப்பின் கதையைச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னாள், முள்ளைச் சொன்னாள், கடைசியாகத் தன் பொய்யைச் சொன்னாள். நான் அந்தத் தாளில் என் சரிகளைக் காட்டினேன். முப்பத்து நான்கில் பன்னிரண்டு. அவர் சரிகளை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, "இதை நீங்கள் வந்து சொல்லியிருக்காவிட்டால் எங்களுக்குத் தெரியவே வந்திருக்காதே, மிஸ்" என்றார். அதில் பாராட்டு இல்லை; வியப்புத்தான் இருந்தது. தன் வேலை கூடிவிட்ட சலிப்பும் கொஞ்சம் தெரிந்தது.

மற்ற மாணவர்களை அழைத்து விசாரித்தார்கள். எல்லோரும் விமானத்தின் அருகே நின்றே தாளை நிரப்புவதாகச் சொன்னார்கள். ஒருவரும் வீட்டில் நிரப்பியதில்லையாம். வீட்டில் நிரப்பும் வழியை எங்கள் பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்த மாணவி அன்று பின்னேரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: 'மன்னிச்சுக்கொள்ளடி. எனக்கு இன்னும் பத்து மணித்தியாலம்தான் கிடக்கு.' பெறாமகள் அதை எனக்குக் காட்டினாள். கோபப்படவில்லை. "அவள் பாவம்" என்றாள். அந்தப் பெரிய மனதும் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. பொய் சொல்லும் இளம் பிள்ளைகளை அந்தப் பள்ளி எவ்வளவு சிரத்தையாகப் பயிற்றுவித்திருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். விமானம் ஓட்டுவதை அவ்வளவு நன்றாகப் பழக்கியிருப்பார்களோ தெரியாது.

இறுதி அறிக்கை வர மாதங்கள் ஆயின. காரணம் மாறவில்லை: பொறுப்பான விமானி எரிபொருளை நேரடியாக உறுதிசெய்யவில்லை. அதற்குக் கீழே, துணைக்காரணமாக, மாணவ விமானி அளித்த பொய்யான உறுதி. முள்ளின் பழுதுக்கு ஒரு வரி. திறப்பின் வழக்கத்துக்கு அரை வரி: 'நடைமுறை பின்னர் மீளாய்வு செய்யப்பட்டுள்ளது.' மீளாய்வு என்னவென்றால், இனிமேல் தாளில் இருவர் கையொப்பமிட வேண்டும். அதையும் திறப்புக்கு முன் ஒப்படைக்க வேண்டும். எங்கள் பிள்ளையின் மாணவ அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டது. முகாமையாளர் அதே நாற்காலியில் இருக்கிறார். என் பன்னிரண்டு சரிகளைப் பற்றி எங்கும் ஒரு சொல் இல்லை. அவற்றைப் போட்டவளுக்கு அந்த அறிக்கையில் ஒரு பெயரும் இல்லை, குற்றமும் இல்லை.

அறிக்கை முழுவதையும் தமிழாக்கினேன். என் தொழிலில் ஒருநாளும் அவ்வளவு கவனமாக வேலை செய்ததில்லை. மொழிபெயர்ப்பில் என் பங்காக ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது, சேர்க்கவில்லை. தனியே ஒரு பக்கம் எழுதினேன். அதில் தாள், திறப்பு, ஞாயிறுகள், என் சரி, கதவைத் திறக்கும்போது அவர் கேட்டது, அவள் சொன்னது, ஆஸ்பத்திரியில் நான் சொன்னது எல்லாம் இருந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை தனியே கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

ஆசிரியரின் மனைவி வேலைக்குப் புறப்படும் நிலையில் இருந்தார். மூத்த மகள் தரையில் இருந்து தங்கையின் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். அவர் அறிக்கையின் முதற்பக்கத்தைப் புரட்டிவிட்டுப் பக்கத்தில் வைத்தார். என் பக்கத்தை வாசித்தார். மெதுவாக, சில வரிகளை விரலால் தொட்டு. முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

"கேட்டிருக்காரு" என்றார்.

"ஓம்."

"கேட்டுத்தான் ஏறியிருக்காரு." மகளிடம் திரும்பினார். "அப்பா கேட்டிருக்காருடி." பிள்ளை நிமிர்ந்து பார்த்துவிட்டு நாடாவை இழுத்து முடிந்தாள்.

பிறகு என்னிடம் கேட்டார். "அன்னைக்கு இதே எடத்துல ஒக்காந்து வாசிச்சீங்களே. அப்ப உங்களுக்கு இது தெரியும்."

"தெரியும்."

"நான் மாமாகிட்ட சிலிண்டர் கதையச் சொன்னப்பவும் தெரியும்."

"தெரியும்."

"பத்து மாசம், அக்கா. பத்து மாசமா ராப்பகலா அவரத் திட்டிக்கிட்டு இருந்தேன். ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்துச் செய்வ, உனக்குன்னு வந்தப்ப பாக்கலியேன்னு. இந்தப் பிள்ளைங்க முன்னாடியே திட்டுனேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார். அந்தக் கையில் கோபம்கூட இல்லை, கடையில் மருந்து இல்லை என்று சொல்லும் கை. அறிக்கையின் மொழிபெயர்ப்பை எடுத்து என்னிடம் திருப்பித் தந்தார்.

"இது எங்களுக்கு வேணாம். நல்ல தமிழ்லதான் எழுதியிருக்கீங்க. வேணாம்." என் கையால் எழுதிய ஒற்றைப் பக்கத்தை மட்டும் நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

படிக்கட்டில் நான் இறங்கத் தொடங்கியபோது மேலிருந்து கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு இப்ப தோள் எப்படி?"

"ஆறிட்டுது. முழுசா உயர்த்த ஏலாது."

"வரச் சொல்லுங்க. கடைசியா என்ன பேசுனாரு, எப்படிப் பேசுனாருன்னு அது வாயால கேக்கணும். திட்ட மாட்டேன்னு சொல்லுங்க." கைப்பையைத் தோளில் மாட்டினார். "திட்டுனாலும் வரச் சொல்லுங்க. நீங்க வராதீங்க, அக்கா."

அடுத்த சனிக்கிழமை பெறாமகள் தனியாகப் போனாள். தங்கை அவளுக்கு ஓட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு மேலே வந்து அரிசி களைந்தாள். மத்தியானம் கடந்து, பின்னேரமும் ஆகி, அவள் திரும்பி வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறாராம்; மூத்த பிள்ளைக்குக் கணக்கு வராதாம். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை சனிக்கிழமைகளில் அவள் போகிறாள். நான் வீட்டில் இருக்கிறேன்.